தொப்பி கிடைத்த மறுநாள்

2019 ஜூன் 5ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் தென்னாப்பிரிக்காவுடன் உலகக் கோப்பை ஆட்டம். விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற தோனியின் பச்சைக் கையுறையில் சிறகு முளைத்த ஒரு குத்துவாள் முத்திரை இருந்ததைக் கேமரா காட்டிவிட்டது. இந்திய ராணுவத்தின் பாரா சிறப்புப் படையினருடைய 'பலிதான்' சின்னம் அது. அடுத்த சில நாட்களுக்கு நாடே கிரிக்கெட்டை விட்டுவிட்டு அந்தச் சின்னத்தைப் பற்றிப் பேசியது. கையுறையில் அதற்கு இடமில்லை என்று ஐ.சி.சி. சொல்லிவிட்டது. தேசபக்தி ஒரு பக்கமும் விதிமுறை மறுபக்கமும் மோதிய அந்தச் சத்தத்தில், கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி அமுங்கிப்போனது. ஒரு சிறு உலோகத் துண்டை இவ்வளவு பெரிதாக நினைக்கும் கூட்டத்துக்குள் புதிதாக ஒருவன் எப்படி நுழைகிறான்? நுழைந்தபின் எப்போது அவன் 'நம்ம ஆள்' ஆகிறான்?

தோனி 2011இல் பிராந்திய ராணுவத்தின் 106ஆவது பாரா படையணியில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆனார். 2015 ஆகஸ்டில் ஆக்ராவுக்குப் போய், மற்றவர்களைப்போல விமானத்திலிருந்து ஐந்து முறை பாராசூட்டில் குதித்து, மார்பில் சிறகுச் சின்னம் குத்திக்கொண்டார். கௌரவப் பதவியோடு நிறுத்திக்கொள்ளாமல் குதிக்கவும் செய்தார் என்பதற்காகப் படைவீரர்கள் அவரை மெச்சினார்கள். அந்த மெச்சுதலில் ஒரு நுட்பம் உண்டு. சிறகு வாங்கியவர் என்று அவரை மதிப்பார்கள். பனிமலையில் பக்கத்துப் பதுங்குகுழியில் படுத்தவனுக்குத் தரும் இடம் வேறு வகை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

குதிப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பாராசூட் படை என்றால் அதுதான் கண்ணில் நிற்கும். ஆனால் அடிப்படைக் குதிப்பில் வீரன் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பாராசூட்டின் உறையிலிருந்து புறப்படும் ஒரு நாடா விமானத்துக்குள் ஓடும் கம்பியில் கொக்கி மாட்டியிருக்கும். ஆள் வெளியே விழுந்ததும் நாடா இழுபட்டு, குடை தானாக விரியும். அவன் செய்ய வேண்டியவை இரண்டு: கதவருகே தயங்காமல் வெளியேறுவது, தரையில் கால் சேர்த்து உருண்டு விழுவது. இடைப்பட்டதை எல்லாம் காற்றும் துணியும் பார்த்துக்கொள்ளும். ஆக்ராவில் விமானப்படை நடத்தும் பாராசூட் பயிற்சிப் பள்ளியில் ஐந்து குதிப்புகள், அதில் ஒன்று இரவில். முடித்தால் சிறகு. பிரிவினைக்கு முன் இதே பள்ளி ராவல்பிண்டிக்கு அருகே சக்லாலாவில் இருந்தது.

ஆக, குதிப்பு ஒரு திறமையைச் சோதிப்பதைவிட ஒரு சம்மதத்தைச் சோதிக்கிறது. பச்சை விளக்கு எரிந்ததும் முன்னால் நிற்பவன் போவான், பின்னால் நிற்பவன் வருவான். நடுவில் நீ நின்றுவிடமாட்டாய் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. எந்த நாட்டுப் பாராசூட் துருப்புகளும் போர்க்களத்தில் கழித்த நாட்களில் மிகப் பெரும்பாலானவை தரையில்தான் கழிந்திருக்கின்றன. இந்தியாவின் 50ஆவது பாராசூட் பிரிகேடு 1941 அக்டோபரில் தில்லியில் உருவானது. அதன் மிகக் கொடிய சண்டை 1944 மார்ச்சில் மணிப்பூரின் சங்ஷாக் குன்றில் நடந்தது. அங்கே யாரும் வானிலிருந்து இறங்கவில்லை. தண்ணீர் இல்லாத மேட்டில், தோண்டினால் பாறை தட்டும் மண்ணில், ஜப்பானியரைச் சில நாட்கள் தடுத்து நிறுத்தினார்கள். 1947-48 காஷ்மீர்ப் போரில் அதே பிரிகேடை நடத்தி, 1948 ஜூலை 3 அன்று உயிரிழந்த பிரிகேடியர் முகம்மது உஸ்மானின் புகழும் நௌஷேராவின் மண்ணில் பிறந்ததுதான்.

அதனால்தான் இந்தியப் பாரா படையணிகளில் புதிதாக வருபவனைக் குதிப்புக்கு முன்பே தரையில் வைத்துச் சலிக்கிறார்கள். புரொபேஷன் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் காலம் பாரா படையணிக்கு மூன்று மாதம். சிறப்புப் படைக்கு நெடுங்காலம் ஆறு மாதமாக இருந்தது. எல்லோரும் விரும்பி வந்தவர்கள். கட்டாயத்தில் யாரும் வருவதில்லை. வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் திரும்பலாம். அதிகாரியாக வந்தவரும் சிப்பாயாக வந்தவரும் ஒரே சுமையைத் தூக்கி ஒரே தூரம் ஓடுகிறார்கள். தூக்கம் குறையும், சோறு குறையும், எப்போது முடியும் என்ற தகவல் மட்டும் கிடைக்காது. உடம்பை முறிப்பது அதன் நோக்கம் என்று நினைத்தால் பாதிதான் சரி. களைத்துப்போன பிறகு ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைத்தான் பழையவர்கள் பார்க்கிறார்கள். முதலாவதாக ஓடி வருகிறவன், பின்தங்கியவனின் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளாமல் வந்தால் அவனைப் பற்றிப் பயிற்சி தரும் உஸ்தாத்கள் நல்லபடியாக நினைக்கமாட்டார்கள். தேறினால் மெரூன் நிறத் தொப்பி. சிறப்புப் படையில் அதை வாங்கும் இரவில் ரம் குடித்த கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைக் கடித்து மென்று விழுங்கும் ஒரு வழக்கம் இருப்பதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள், படம் எடுத்தும் காட்டியிருக்கிறார்கள்.

கண்ணாடி மெல்வதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் செஞ்சிப் பக்கம் ஒருமுறை வர வேண்டும். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். பார்சுவநாதர் கோயிலும் பட்டாரகர் பீடமும் உள்ள இந்தச் சிற்றூர்தான் தமிழ்நாட்டுச் சமணக் குடும்பங்களுக்குத் தலைமை இடம். திகம்பர நெறியில் துறவு ஏற்பவர் தம் தலைமுடியைத் தம் கையாலேயே பிடுங்கிக்கொள்ள வேண்டும். கத்தியோ கத்தரிக்கோலோ கூடாது. ஊரார் சுற்றி அமர்ந்து பார்ப்பார்கள். வலியை அவர் எப்படித் தாங்குகிறார் என்பதே அவர் வாங்கும் முதல் நற்சான்று. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறையும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைச் சொல்லும் பழங்கல்வெட்டும் இருக்கின்றன. கொல்லாமையை முதல் விரதமாக வைத்த கூட்டமும் கொல்வதற்குப் பயிற்சி பெறும் கூட்டமும் வாசலில் ஒரே மாதிரிக் காவல் வைத்திருப்பது எனக்கு விந்தையாகத்தான் படுகிறது. இரண்டையும் முற்றிலும் பகையென்று நினைக்கவும் வேண்டாம். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை எழுப்பிய சாமுண்டராயர் கங்க நாட்டுப் படைத்தலைவர்தான்.

இந்த ஒற்றுமைக்கு ஒரு விளக்கம் 1909இலேயே வந்துவிட்டது. சடங்குகளை ஒப்பிட்டு ஆராய்ந்த ஆர்னால்டு வான் கெனப், உலகெங்கும் நிலைமாற்றச் சடங்குகள் மூன்று கட்டமாக நடப்பதைக் காட்டினார். முதலில் பழைய இடத்திலிருந்து பிரித்தல். பிறகு அங்கும் இங்கும் இல்லாத ஒரு நடுநிலை. கடைசியில் புதிய கூட்டத்தில் சேர்த்தல். முடி போவதும், பதவி போவதும், பேர் போய் எண்ணால் அழைக்கப்படுவதும் முதல் கட்டம். புரொபேஷன் முழுக்க நடுக்கட்டம். தொப்பியும் விருந்தும் மூன்றாம் கட்டம். அழகான வரைபடம்தான். ஆனால் சேர்த்துக்கொள்ளும் சடங்கு முடிந்ததும் ஆள் சேர்ந்துவிட்டான் என்று அது எடுத்துக்கொள்கிறது. கல்யாணமான மறுநாளே மருமகள் அந்த வீட்டுக்காரியாகிவிட்டாள் என்று நம்புவதைப் போன்றது அது.

உளவியலாளர்கள் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். 1959இல் எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் செய்த சோதனை புகழ்பெற்றது. ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர விரும்பிய கல்லூரி மாணவிகளில் சிலருக்குக் கடும் சங்கடம் தரும் நுழைவுத் தேர்வு, சிலருக்கு லேசானது, சிலருக்கு எதுவுமில்லை. பிறகு எல்லோரையும் வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி அமைத்த ஓர் உரையாடலைக் கேட்க வைத்தார்கள். கடும் தேர்வைத் தாண்டி வந்தவர்களே அந்த அறுவையை மிகவும் ரசித்ததாகச் சொன்னார்கள். பட்ட பாடு வீணில்லை என்று மனம் தன்னைத் தேற்றிக்கொள்கிறது. கடுமையான புரொபேஷனுக்கு ஆதரவாக இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சோதனை காட்டுவது, புதியவனுக்குக் கூட்டத்தின் மேல் பற்று கூடுகிறது என்பதை. கூட்டத்துக்குப் புதியவன் மேல் நம்பிக்கை கூடுகிறதா? அதை அது கேட்கவே இல்லை. தகுதியில்லாத கூட்டத்தின் மீதும் பற்று வளரும் என்பதுதான் அந்தச் சோதனையின் உண்மையான எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கை பலித்த இடம் கனடா. 1968இல் உருவான கனடிய வான்வழி ரெஜிமென்ட், அந்நாட்டு ராணுவத்தின் செல்லப்பிள்ளை. 1992 டிசம்பரில் அமைதிப் பணிக்காகச் சோமாலியா போனது. 1993 மார்ச் 16 இரவு, பெலெட்வெய்ன் முகாமுக்குள் புகுந்ததாகப் பிடிபட்ட ஷிதானே அரோன் என்ற 16 வயதுச் சிறுவனை அதன் வீரர்கள் சிலர் அடித்துக் கொன்றார்கள். முகாமில் மற்றவர்களுக்குச் சத்தம் கேட்டது; தடுக்க யாரும் வரவில்லை. 1995 ஜனவரியில், அந்த ரெஜிமென்டில் புதியவர்களைச் சேர்க்கும் சடங்கின் வீடியோ தொலைக்காட்சியில் வந்தது. அசிங்கமான பொருள்களைத் தின்ன வைத்ததும், ஒரு கறுப்பின வீரரின் முதுகில் இனவெறி வாசகம் எழுதி நாயைப்போல் கயிறு கட்டி நடத்தியதும் நாடே பார்த்தது. சில நாட்களில் பாதுகாப்பு அமைச்சர் டேவிட் காலனெட் ரெஜிமென்டையே கலைப்பதாக அறிவித்தார். மானுடவியலாளர் டோனா வின்ஸ்லோ பின்னர் இந்தச் சடங்குகளை ஆராய்ந்து எழுதியது, ராணுவச் சமூகவியலில் இன்றும் படிக்கப்படுகிறது. கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காமை என்பதைத் தவிர வேறு எதுவும் பெரிதில்லை என்று புதியவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சடங்கு, குற்றத்தை மறைப்பதற்கும் அவனைத் தயாராக்குகிறது.

இதைப் படிக்கும் தமிழருக்கு 1996 நினைவுக்கு வராமல் இருக்காது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. விடுதிக்கும் படைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சோதனையின் நோக்கம் புதியவனை வேலைக்குத் தயார்செய்வதா, பழையவனுக்கு ஒரு மாலைப்பொழுதைக் கழித்துத் தருவதா என்ற ஒரே கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்டுப் பார்க்கலாம். நாற்பது கிலோமீட்டர் சுமையோடு நடப்பது நாளை தேவைப்படும். அசிங்கத்தைத் தின்பது எந்தப் போரிலும் தேவைப்படாது. கண்ணாடி மெல்வது? அதுவும் எந்தப் போரிலும் தேவையில்லை. ஆனால் புதியவனோடு பழையவனும், சிப்பாயோடு அதிகாரியும் சேர்ந்து மெல்கிறார்கள் என்பதால் அவமதிப்பாக மாறாமல் அது எல்லைக்கோட்டில் நிற்கிறது. எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது.

சடங்கு முடிந்தபின் நடப்பதைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிக நல்ல சான்று, இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கச் சிப்பாய்களை வைத்து சாமுவேல் ஸ்டஃபரும் அவர் குழுவும் செய்த ஆய்வு. 1949இல் வெளிவந்தது. போரையே பார்க்காத புதுப் படைகளில் இருந்த சிப்பாய்களில் 45 விழுக்காட்டினர் சண்டைக்குப் போகத் தயக்கமில்லை என்றார்கள். போரில் அடிபட்டு வந்த பழம்படையினரில் அப்படிச் சொன்னவர்கள் 15 விழுக்காடுதான். பழம்படைகளில் காலியான இடங்களுக்கு ஆளாக வந்து சேர்ந்த, இன்னும் குண்டு பாயும் சத்தம் கேட்டிராத புதியவர்கள்? 28 விழுக்காடு. அனுபவத்தில் முதல் வகையினருக்குச் சமமானவர்கள், பேச்சில் பழையவர்களின் பக்கம் பாதி தூரம் வந்துவிட்டார்கள். வீறாப்பு பேசினால் பழையவர்கள் சிரிப்பார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அவர்களுக்குச் சில வாரங்கள் போதுமாயிருந்தன. பழையவர்கள் புதியவனின் பெயரைத் தெரிந்துகொள்ளத் தயங்கியதையும் அந்தக் காலத்து நினைவுக்குறிப்புகள் பேசுகின்றன. நாளைக்குச் சாகப்போகிறவனோடு இன்றைக்கு எதற்குப் பழக்கம் என்ற கணக்கு அது. தொலைக்காட்சித் தொடராகப் பலரும் பார்த்த, ஈஸி கம்பெனி என்ற அமெரிக்கப் பாராசூட் பிரிவின் கதையில், ஜார்ஜியாவின் டொக்கோவா முகாமில் ஒன்றாக மலையேறி ஓடியவர்களுக்கும் நார்மண்டிக்குப் பிறகு வந்தவர்களுக்கும் நடுவே இருந்த சுவர் இதுவே. பின்னால் வந்தவர்களும் அதே சிறகைத்தான் அணிந்திருந்தார்கள்.

அந்தச் சுவரை ஒரு முழுப் படையணியே தாண்டிய கதை ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதை நடத்தியவர் பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்த ஒரு தமிழர்: ஆற்காடு கஜராஜ் ரங்கராஜ். 50ஆவது பாராசூட் பிரிகேடின் 152ஆவது படையணியில் மருத்துவராகச் சேர்ந்தவர். ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் அவரும்தான் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள். சண்டைக்காரர்கள் நடுவே மருத்துவர் எப்போதும் கொஞ்சம் வெளியாள். துப்பாக்கியோடு முன்னேறுவது அவர் வேலையில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்பவனைக் கண்டுபிடிப்பவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் யாருக்கும் முன்னால் குதித்திருந்தார் என்பது ஒரு நல்ல தொடக்கம்.

1950இல் கொரியப் போர் மூண்டபோது, படை அனுப்ப நேரு அரசு மறுத்தது. மருத்துவர்களை அனுப்ப ஒப்புக்கொண்டது. போனது 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ். பெயரைப் பார்த்து வண்டி என்று நினைக்க வேண்டாம். அறுவை மருத்துவர்கள், மயக்க மருந்து கொடுப்பவர்கள், தூக்குக்கட்டில் சுமப்பவர்கள், சமையற்காரர்கள் எல்லாம் சேர்ந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களைக் கொண்ட ஒரு படையணி. தலைமை லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். நவம்பர் 20 அன்று பூசான் துறைமுகத்தில் இறங்கினார்கள். சேர வேண்டியது பிரிட்டிஷ் காமன்வெல்த் பிரிகேடோடு. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாட்டிலிருந்து, நாங்கள் சுடமாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். இதைவிடச் சங்கடமான புதியவர்களைக் கற்பனை செய்ய முடியாது.

வந்து பத்துப் பதினைந்து நாட்களில் சீனப் படைகள் அலையலையாக இறங்க, ஐ.நா. படைகள் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கின. எங்கும் ஒரே ஓட்டம். இந்தியர்களிடம் வண்டி இல்லை. சாமான்களை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் தப்பிக்க வேண்டிய நிலை. அறுவைக் கருவிகளும் மருந்தும் இல்லாத மருத்துவப் படையணியால் யாருக்கு என்ன பயன்? ரங்கராஜ் விட்டுவர மறுத்தார். கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் நிலையத்தில் கண்ணில் பட்டன. ரயிலில் வேலை பார்த்த அனுபவமுள்ளவர்கள் அவர் ஆட்களிலேயே இருந்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள், சாமான்களை ஏற்றினார்கள், தாங்களே ஓட்டிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுவதற்கு முன் ஆற்றைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தார்கள். வீரக்கதை என்ற அளவில் இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவது வழக்கம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது சாமான் வந்து சேர்ந்ததுதான். காமன்வெல்த் பிரிகேடின் ஆங்கிலேய, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்கு அந்தக் குளிர்காலத்தில் தேவைப்பட்டது ஓர் இயங்கும் அறுவைக்கூடம். அது இந்தியர்களிடம் இருந்தது. படையணியின் ஒரு பகுதி மேஜர் பானர்ஜியின் தலைமையில் தேகு நகரில் தங்கி, கொரிய மக்களுக்கும் வைத்தியம் பார்த்தது.

அடுத்த ஆண்டு மார்ச் 23. முன்சான்னியில் எதிரியின் பின்வாங்கும் வழியை மறிக்க அமெரிக்காவின் 187ஆவது வான்வழி ரெஜிமென்ட் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு வானிலிருந்து இறங்கியது. ரங்கராஜ் உட்பட 12 இந்தியர்கள் கூடவே குதித்தார்கள். தங்களுக்கென்று மருத்துவர்கள் உள்ள ஓர் அமெரிக்கப் படை, வேற்றுநாட்டு அறுவைக் குழுவைத் தன் விமானத்தில் ஏற்றிக்கொண்டது. சிறகு இல்லாதவர்களை ஏற்றியிருக்கமாட்டார்கள் என்பது உண்மை. அங்கே குதிப்பு நுழைவுச்சீட்டாகப் பயன்பட்டது. ஆனால் நுழைவுச்சீட்டு கையில் இருந்தவர்கள் உலகில் இன்னும் பலர் இருந்தார்கள். இறங்கிய வயலிலேயே, சண்டை ஓயாத நேரத்தில் அடிபட்டவர்களைப் பார்க்கத் தொடங்கி, நாள்கணக்கில் வேலை செய்தார்கள். அடுத்த மாதம் கப்யோங் சண்டையில் ஆஸ்திரேலியர்களும் கனடியர்களும் சீனரைத் தடுத்து நின்றபோதும் காயம்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடம் இவர்களுடையதே. 1954இல் நாடு திரும்பும்வரை ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருக்குச் சிகிச்சை அளித்திருந்தார்கள். 'மெரூன் தேவதைகள்' என்ற பேர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்கரம். 1955இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் படையணிக்கே ஒரு கோப்பை வழங்கினார்.

ரங்கராஜ் அதோடு நிற்கவில்லை. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புக்குத் தலைமை ஏற்றார். அம்மை கண்டவரின் புண்ணிலிருந்து எடுத்ததைப் பிறருக்குக் குத்திவந்த பரம்பரை வைத்தியர்கள், வேற்றாண் முன் வராத பெண்கள், பனி மூடிய மலைக் கிராமங்கள் என்று அங்கேயும் நுழைய வேண்டிய வாசல்கள் நிறைய. 1970களின் முற்பகுதியில் அந்நாடு பெரியம்மையிலிருந்து விடுபட்டது. தென்கொரிய அரசு 2020 ஜூலை மாதத்தின் போர் நாயகராக அவரை அறிவித்தது. தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

செஞ்சிக்கு வந்தேறிய ஒருவரை ஊர் நினைவில் வைத்திருக்கும் விதம் இதற்கு நேர்மாறு. கோட்டையில் காவல் நின்றவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். முகலாயர் நியமித்த புந்தேலா ராஜபுத்திரர் சுவரூப் சிங் இறந்தபின் வடக்கேயிருந்து வந்த அவர் மகன் தேஜ் சிங், 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்து மாண்டார். ஓராண்டுகூட ஆளவில்லை. ஆனால் தேசிங்குராஜனாகி, குதிரையோடும் முஸ்லிம் தோழன் மகபத் கானோடும் நாட்டுப்பாடலில் குடியேறிவிட்டார். செஞ்சியைப் பொறுத்தவரை அவர் எங்கிருந்து வந்தார் என்பது ஒரு பொருட்டே இல்லை.

இன்று இந்த வட்டாரத்திலிருந்து பட்டாளத்துக்குப் போகும் பையனின் நிலைக்கு வருவோம். ஆற்காட்டு மாவட்டங்களில் ராணுவ வேலை புதிதில்லை. வேலூர் அருகே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தால் வெலிங்டனில் பயிற்சி, 'தம்பி' என்ற அழைப்பு, படைச் சமையற்கூடமான லங்கரில் சாம்பார் சாதம், தாய்மொழி பேச நான்கு பேர். பாராசூட் ரெஜிமென்டில் நிலைமை வேறு. 1952இல் பஞ்சாப், மராத்தா, குமாவுன் படையணிகளிலிருந்து உருவான அது, இன்று வட்டார, சாதிக் கணக்கில்லாமல் நாடு முழுவதிலிருந்தும் ஆளெடுக்கிறது. பயிற்சி மையம் பெங்களூரில் இருந்தாலும் பாரக்கில் நடப்பது இந்தி. மொழி தெரியாதவன் முதல் சில மாதங்களுக்கு நகைச்சுவை புரியாதவனாக இருக்கிறான். கட்டளையைப் புரிந்துகொள்வது எளிது. கட்டளை நாலே சொல், அதையும் சத்தமாகச் சொல்வார்கள். இரவில் கட்டிலில் கிடந்தபடி மற்றவர்கள் சொல்லிச் சிரிக்கும் கதையில் கலந்துகொள்வதுதான் கடினம். அங்கே ஊமையாக இருப்பவனைத் திமிர் பிடித்தவன் என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. இதற்குப் புரொபேஷனில் எந்தத் தேர்வும் கிடையாது.

ஆனால் மொழி இல்லாமலும் தெரியும் விஷயங்கள் உண்டு. யார் தண்ணீர்க் குப்பியை முதலில் அடுத்தவனிடம் நீட்டுகிறான், யார் இரவுக் காவல் முறை மாற்றத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக எழுந்து வருகிறான், யார் வயர்லெஸ் பேட்டரியைச் சொல்லாமலே மாற்றி வைக்கிறான் என்பதைப் பழையவர்கள் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். புதியவனுக்கு இப்படியொரு பேரேடு இருப்பதே தெரியாது. தெரிந்து நடித்தாலும் நீண்டநாள் நடிக்க முடியாது. சங்ஷாக்கிலும் முன்சான்னியிலும் நிறைந்தது இந்தப் பேரேடு.

இதை நிரப்ப நாள் வேண்டும் என்பதால்தான், 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தைப் பற்றிய வாதங்களில் ஓய்வூதியச் செலவைத் தாண்டி ஒரு கேள்வி எனக்கு எழுகிறது. அக்னிவீரரின் சேவை பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டு. அதன்பின் நீடிக்கப்போகிறவர்கள் அதிகபட்சம் நான்கில் ஒருவர். அடிப்படைப் பயிற்சி, புரொபேஷன், ஆக்ராவில் குதிப்பு என்று எல்லாம் கழித்தால் பாரா படையணிக்குள் ஒரு பையனுக்கு மீதியிருப்பது மூன்று ஆண்டு அளவில்தான். அதிலும், ஒரே பதுங்குகுழியில் படுத்திருக்கும் நான்கு பேருக்கும் தங்களில் ஒருவர்தான் தங்கப்போகிறார் என்று தெரிந்தே இருக்கும். பின்தங்கியவனின் துப்பாக்கியை வாங்கிச் சுமப்பவனுக்கு இந்தக் கணக்கு எந்தப் பக்கம் மதிப்பெண் போடும்? தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் படிவத்தில் ஓட்டத்துக்கும் சுடுதலுக்கும் கட்டங்கள் போடுவது சுலபம். தண்ணீர்க் குப்பியை நீட்டியதற்கு யார் கட்டம் போடுவார்கள்? முதல் அணியினரின் நான்கு ஆண்டு 2026 இறுதியிலிருந்து முடியத் தொடங்குகிறது. யாரை வைத்துக்கொள்வது என்பதில் அந்தந்தப் படையணியின் சுபேதார்கள், ஹவில்தார்கள் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு எவ்வளவு எடை தருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.